பெருக்கிய நாள்

அப்பா இறந்த அன்று எங்கள் தெரு பளிச்சென்று இருந்தது. அவருக்காக யாரும் சுத்தம் செய்யவில்லை. எங்கள் நகராட்சி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மார்க் போட வெளியிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வருகிறார்களாம். அப்பாவும் பார்த்துப் பார்த்து அதே நாளில்தான் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. விடியற்காலையிலிருந்து உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. ஃப்ரீசர் பெட்டிக்குப் போன் செய்தேன், ஷாமியானா போடச் சொன்னேன், காட்டுப்பாக்கத்துச் சித்தப்பாவை வரச் சொன்னேன். எல்லாவற்றையும் வேறு யாரோ செய்துகொண்டிருந்த மாதிரி இருந்தது.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பூ நெறையா வாங்கியாரச் சொல்லு தமிழு. ஊட்டு வாசல்லேந்து சுடுகாடு வரிக்கும் போட்டுகினே போவணும். நம்ம தெருவ எவன் பெருக்கப் போறான்? காயிற வரிக்கும் அப்டியே கெடக்கும். நான் கேட்டாண்ட குந்திகினு பாத்துகினு இருப்பேன்."

அவள் சொன்னது நியாயம்தான். எதிர்வீட்டு நாகப்பனை எடுத்தபோது போட்ட சாமந்தி காய்ந்து கறுத்து, வண்டிச் சக்கரத்தில் அரைபட்டு, காரியம் முடிந்த பிறகும் கிடந்தது. குப்பை வண்டி வராத நாளெல்லாம் அப்பா வாசலில் நின்று நகராட்சியைத் திட்டுவார். வந்த நாளில் லேட்டாக வந்ததற்குத் திட்டுவார். அம்மா அதே நகராட்சியை நம்பித்தான் பூ கேட்டாள்.

மதியம் ஜெகதீஷ் வந்தார். எங்கள் பகுதித் துப்புரவு ஆட்களுக்கு மேஸ்திரி. செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவின் கால்மாட்டில் நின்று கும்பிட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா நெனிச்சிக்காத அண்ணாத்தே. மார்க் போடறவங்க சாயங்காலம் வராங்க. இந்தத் தெருவத்தான் காட்டச் சொல்லிகீறாங்க. கொஞ்சம் முன்னாடியே எடுத்துட்டீங்கன்னா..."

"மூணு மணிக்கு எடுத்துடறோம்" என்றேன். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டு, தெருவின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லப் போனார்.

மூன்று மணிக்கு மேளம் தொடங்கியது. கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். அம்மாவைத் தலைக்கு ஊற்றப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பாடையோடு வந்தவர்கள் மாலைகளைப் பிய்த்துப் பிய்த்து இறைத்தார்கள். ரோஜாவும் சாமந்தியும் என் தோளிலும் வந்து விழுந்தன.

மேளத்துக்கு நடுவே சரக் சரக்கென்று இன்னொரு சத்தம் கேட்டது. சட்டி எடுத்தவன் திரும்பிப் பார்க்கக்கூடாது.

"இன்னா சத்தம் சித்தப்பா அது?"

அவர் திரும்பிப் பார்த்தார். "பின்னாடியே பெருக்கினு வராங்கடா. பூவ மூட்டையில அள்ளிப் போடறாங்க."

"வாணான்னு சொல்லு சித்தப்பா. அம்மாவுக்கு அது வேணும்."

போய்விட்டு வந்தார். "அவங்களும் இன்னா பண்ணுவாங்க, பாவம். ஒரு இதழு கூட இருக்கக் கூடாதுன்னு மேலேந்து சொல்லிகீறாங்களாம். நீ நட."

நடந்தேன். சட்டியின் கயிறு கையை அறுத்தது. அதுவும் வேறு யாருடைய கையோ என்றுதான் இருந்தது. சுடுகாட்டு வாசல் வரை துடைப்பம் என்னை விடவே இல்லை.

மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகத் திரும்பி வந்தேன். தெருவில் ஓர் இதழ் இல்லை. அப்பாவை அந்த வழியாகத்தான் எடுத்துப் போனோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் அம்மா. அவளுக்கு முன்னால், கழுத்தில் அட்டை தொங்க, கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு ஒரு பெண். கொஞ்சம் தள்ளி நின்ற ஜெகதீஷ் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த நேரத்துல கேக்கறதுக்கு மன்னிச்சிக்குங்கம்மா. ரெண்டே கேள்விதான். தெரு சுத்தமா இருக்கா?"

அம்மா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகப் பார்த்தாள்.

"சுத்தமா கீதும்மா. ஒண்ணுமே இல்ல."

"அஞ்சுக்கு எவ்ளோ மார்க் குடுப்பீங்க?"

"நீயே போட்டுக்கோம்மா."

அந்தப் பெண் திரையில் எதையோ தொட்டாள். நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். யார்மேல் கோபப்படுவது? தெருவைப் பெருக்கு என்றுதானே அப்பா ஆயுசு முழுக்கக் கத்தினார்.

மறுநாள் பெருக்க யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போட்ட பேப்பர் கப்புகள் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் உருண்டுகொண்டு கிடந்தன. அம்மா கேட்டருகே உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"உடு தமிழு, கெடக்கட்டும்" என்றாள் அம்மா. "அவருக்கோசரம் வந்தவங்க குடிச்சது."

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.