டாக்டர் வாயசைக்க, அண்ணி பேச

1

இந்தக் கதை ஒரு வலைப்பக்கத்தால் வந்த வினை. போனிலும் திரையிலும் வைத்தியம் பார்க்கும் ஒரு தொலைமருத்துவ நிறுவனம், தன் தலைவர்களைப் பற்றி ஆளுக்கு நாலு வரி எழுதித் தரும்படி என்னிடம் சொன்னது. பொறுப்பு, தொழில்முறைப் பின்னணி, அவ்வளவுதான். நிறுவனத் தலைவி அனுப்பிய குறிப்பில் இப்படி இருந்தது: 'பின்னணி: பின்னணிக் குரல்.'

தட்டச்சுப் பிழை என்று நினைத்து ஒரு பின்னணியை அழித்துவிட்டேன். மறுநாள் போன் வந்தது.

"ஏங்க, என் பாதி வாழ்க்கையைக் காணோமே?"

குரலைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். (ஏன் நின்றேன் என்று கேட்காதீர்கள். அப்படிப்பட்ட குரல்.)

2

"மருத்துவ வானின் விடிவெள்ளியாக—"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் எனக்கே சகிக்கவில்லை.

"அவள் முதன்முதலாக அலறியபோது ஒலிப்பதிவுக்கூடத்தின் காவலாளி ஓடி வந்தார்."

இது பரவாயில்லை, உண்மையும்கூட. படங்களில் நடிகைகளின் உதட்டசைவுக்குக் குரல் கொடுப்பது அவள் தொழில்; அலறுவதற்கென்றே கூப்பிடுவார்கள். பேய்க்கு ஒரு அலறல், பிரசவத்துக்கு ஒன்று, கரப்பான்பூச்சிக்கு வேறொன்று. கூடத்தில் அவளுக்கு 'அலறல் அக்கா' என்றே பெயர். வீட்டில் மட்டும் குரலை உயர்த்தியதே இல்லை என்கிறார் கணவர். (அவர் அதைச் சொல்லும்போது அவளும் பக்கத்தில் இருந்தாள்.)

கணவரின் தங்கை இதய டாக்டர். படிப்பில் புலி, கேமராவைக் கண்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அண்ணி அவளை எதிரில் உட்கார வைத்துப் பேசப் பழக்கினாள். பழக்கிப் பழக்கி இருவரும் சேர்ந்து நிறுவனமே தொடங்கிவிட்டார்கள்.

நிறுவனத்தில் மூன்றாவதாக, வங்கி மேலாளராக இருந்த ஒருவரும் உண்டு. கதையில் வைத்துப் பார்த்தேன். வாயைத் திறந்தாலே வட்டி விகிதம். நீக்கிவிட்டேன்.

3

தொடக்க விழா. கூடம் நிறைய விருந்தினர்கள். முன்வரிசையில் முதலீட்டாளர், கால்மேல் கால். முதல் நோயாளியை எல்லார் முன்னாலும் திரையில் பார்ப்பதாக ஏற்பாடு.

காலையில் எழுந்த டாக்டருக்குக் குரலே இல்லை. தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வந்தது.

அண்ணி ஒரு நொடி யோசித்தாள். "நீ வாயை அசை. தட்டிக்குப் பின்னால இருந்து, இடுக்கு வழியா பாத்து நான் பேசறேன். இத்தனை வருஷம் உதட்டைப் பாத்துத்தானே சோறு தின்னேன்?"

டாக்டர் கண்ணை உருட்டினாள். உதடுகள் 'அண்ணி, பைத்தியமா?' என்றன. அண்ணி அதையும் டாக்டரின் குரலிலேயே பேசிக் காட்டினாள். ஒத்திகை முடிந்தது.

(உதடும் குரலும் ஒட்டாதே என்கிறீர்களா? ஒட்டாவிட்டால் இணைய வேகத்தைத்தானே எல்லாரும் திட்டுவோம்?)

4

முதல் அழைப்பு சளி, இருமலாக இருக்கும் என்று நம்பியிருந்தார்கள். திரையில் வந்தவர் மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர். கடையிலேயே உட்கார்ந்திருந்தார். போனை அவர் மனைவி பிடித்திருந்தாள்.

"நெஞ்சுல என்ன பண்ணுது?"

"லேசா அழுத்துதும்மா. வாயுதான்."

"இடது கை?"

"அதுவும் கொஞ்சம் கனமா இருக்கு."

டாக்டரின் உதடுகள் வேகம் பிடித்தன. அண்ணி விடாமல் துரத்தினாள். ஆனால் அவள் குரல் மட்டும் பட்டுத்துணி. ஆம்புலன்ஸ் அனுப்பியாயிற்று. கடை வாசலில் வந்தும் நின்றாயிற்று.

கடைக்காரர் சிரித்தார். "எதுக்கும்மா ஆம்புலன்ஸ்? உங்க குரலைக் கேட்டதுமே பாதி வலி போயிடுச்சு. மோசமா இருந்தா டாக்டர் இவ்வளவு நிதானமாவா பேசுவாங்க? இந்த ஒரு மிக்ஸிய முடிச்சிட்டு நாளைக்குப் போறேன்."

அண்ணி டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அதில் பட்டுத்துணி ஏதும் இல்லை. அப்பட்டமான பயம். இவ்வளவு நேரமும் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டு முகத்தை விட்டிருக்கிறாள்.

(இங்கே அவள் மனப்போராட்டத்தை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அவளோ அரை நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.)

தட்டி சாய, மைக்கோடு வெளியே வந்து கேமரா முன் நின்றாள்.

"ஐயா, நான் டாக்டர் இல்ல. இவங்கதான் டாக்டர், தொண்டை கட்டியிருக்கு. நான் பேசினது டப்பிங். டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன், ஆனா பயத்தை நானே வெட்டிட்டேன். இவங்க முகத்தைப் பாருங்க! உங்களுக்கு ஹார்ட் அட்டாக்குன்னு பயந்துபோயிருக்காங்க. எனக்கும் பயமா இருக்கு. எழுந்திருங்க!"

கடைசிச் சொல் அலறலாகவே வந்துவிட்டது. பேய், பிரசவம், கரப்பான்பூச்சி எதிலும் சேராத அலறல்.

கடைக்காரரின் கையிலிருந்து ஸ்குரூடிரைவர் விழுந்தது. "ஏறுங்க" என்று மனைவி அவர் தோளைப் பிடித்தாள். ஏறினார்.

5

கடைக்காரர் பிழைத்துக்கொண்டார். ரத்தக்குழாய் அடைப்பு, இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்களாம்.

விழா என்ன ஆயிற்று? முதலீட்டாளர் மெல்ல எழுந்து கைதட்ட—

சினிமாத்தனம். அடித்துவிட்டேன்.

முதலீட்டாளர் விருட்டென்று வெளியே—

அதுவும் சினிமாதான், வேறு படம்.

அவளையே கேட்டேன். "அவர் என்ன பண்ணாருன்னு நான் பாக்கவே இல்லைங்க. நாத்தனா என்னைக் கட்டிப்பிடிச்சா. என் காதுகிட்டயே என்னென்னமோ சொன்னா, காத்துதான் வருது. உதட்டைப் பாக்கலாம்னா முகத்தை என் தோள்ல புதைச்சுக்கிட்டா. உதட்டைப் படிக்கிற எனக்கே அவ என்ன சொன்னான்னு தெரியல."

பிறகு கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டாளாம். டாக்டர் சிரித்துக்கொண்டே, "போங்க அண்ணி" என்று போய்விட்டாளாம்.

எனக்கும் தெரியவில்லை. நான் எழுதிப் பார்த்ததெல்லாம் டாக்டர் வாய்க்குப் பொருந்தவில்லை. வாசகரே, மைக் உங்கள் பக்கம். கொஞ்சம் கிட்டே வந்து அவளுக்காக நீங்கள்தான் பேச வேண்டும்.