கோந்தில் மிதந்த நட்சத்திரம்

மானுட குலமே, செவிமடு. சுழலும் நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை என் அத்தான் கண்டுபிடித்துவிட்டார்.

(இதை எனக்குச் சொன்னது அக்கா, ஈரத்துணியை உதறிக்கொண்டே. இந்தக் கதை அந்தக் கொடியடியில்தான் பிறந்தது.)

1

முதல் தொடக்கம்: ‘அண்டவெளியின் ஆழ்ந்த மௌனத்தில்...’ அடித்துவிட்டேன். அந்த மௌனத்தை யார் கேட்டது? எனக்குக் கேட்பதெல்லாம் மேல்வீட்டுக் குழாய் ஒழுகுவதுதான்.

இரண்டாவது: நட்சத்திரத்தின் உள்பகுதி வேகமாகவும் வெளிப்பகுதி மெதுவாகவும் சுழலும்போது, நடுவில் மாட்டிக்கொண்ட காந்தப்புலக் கோடுகள் நூல்கண்டுபோல் சுற்றிச் சுற்றி இறுகும். ஒரு கட்டத்துக்குமேல் தாங்காது. நெளிந்து, பிய்த்துக்கொண்டு கொந்தளிக்கும். கணினியில் அப்படியொரு நட்சத்திரம் செய்துபார்த்த எல்லோருக்கும் இதுதான் நடந்தது. அத்தானுடையது மட்டும் சமர்த்தாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்காகவே அவருக்குத் துறைத்தலைவர் பதவி காத்திருந்தது.

2

அக்காவும் அதே ஆய்வகம். அத்தானின் கணினி நிரலைத் திறந்து பார்த்தாள். புது நட்சத்திரம் சோதனை ஓட்டத்திலேயே சிதறிவிடாமலிருக்க, அதன் வாயுவைப் பொய்யாகக் கெட்டியாக்கி வைப்பது அவர்கள் வழக்கம். பிறகு அந்தக் கெட்டியைக் குறைத்துவிட வேண்டும். அத்தான் குறைக்கவே இல்லை. கோந்துக்குள் எது கொந்தளிக்கும்?

(ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவு மறதி வைக்கலாமா என்று தயங்கினேன். பேராசிரியர் என்பதால் நம்புவீர்கள் என்று விட்டுவிட்டேன்.)

சொன்னால் அவர் பதவி போகும். சொல்லாவிட்டால் அந்தப் பொய்யோடு அக்கா ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டும்.

3

பதவிக்கான உரை அன்று. காலையில் அத்தான் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தார்.

“எல்லார் நட்சத்திரமும் கொந்தளிக்குது. என்னுது ஏன் கொந்தளிக்கல? சொல்லு பாப்போம்.”

“ஏன்னா நீங்க...” அக்கா நிறுத்தினாள். “காலர் மடங்கியிருக்கு. இப்படித் திரும்புங்க.”

(இறுகும் கோடுகள், இறுகும் தாம்பத்தியம் என்று ஓர் உவமை வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே விடுவதாயில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி. எந்த நட்சத்திரத்துக்கும் அது கிடையாது.)

4

முடிவு ஒன்று: அக்கா சொல்லிவிடுகிறாள். அத்தான் மேடையில் ஒப்புக்கொள்கிறார். பதவி போகிறது, வீட்டில் பேச்சுவார்த்தையும் போகிறது.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. கூட்டம் கைதட்டுகிறது. அவளும் தட்டுகிறாள், அப்போது அவள் உள்ளங்கைகளில்... (உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. விடுங்கள்.)

எது வேண்டுமோ வாசகரே எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதி முடித்து, அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

“நான் சொல்லலைன்னு நீயா ஏன்டா முடிவு பண்ணினே? போன மாசமே, அந்த உரைக்கு முந்தியே சொல்லிட்டேன்.”

“அப்ப அந்தக் காலர்?”

“அது நிஜமாவே மடங்கியிருந்துச்சு.”

“அத்தான் என்ன சொன்னார்?”

“இருக்கட்டும்னார்.”

அத்தான் இப்போது துறைத்தலைவர்.