சாமந்திப்பூக் குழம்பு

"இது அன்று. பக்கத்துல இருக்கிறதை அமுக்கினா, இன்று. எப்படி?" என்று கேட்டுவிட்டு ராஜாராமன் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

எப்படியாம் எப்படி! அஞ்சலிக்குக் காதுமடல் சுட்டது. கம்ப்யூட்டர் திரையில் அவள் பெயருக்குக் கீழே இரண்டு பொத்தான்கள் பளபளத்தன. தமிழ்த்துறையில் கடைசி வருடம் படிக்கிற ஒவ்வொருவரும் மூன்று வருடங்களாக எழுதியவற்றைத் தொகுத்து ஆளுக்கொரு இணையப் பக்கம் செய்ய வேண்டும் என்று இந்த வருடம் புதிதாக ஓர் உத்தரவு. திங்கட்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. அதற்குள் கல்லூரிச் சுவருக்கு வெள்ளையடிப்பதைப்போல மாணவர்களுக்கும் அடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழில் தட்டச்சு செய்தால் ஒரு கம்ப்யூட்டரில் எழுத்தாகத் தெரிவது அடுத்ததில் கட்டம் கட்டமாகத் தெரிந்து தொலைத்தது. கையால் எழுதின தாளையே ஸ்கேன் செய்து போட்டுவிடலாம் என்று லேப் ஜெபராஜ் அண்ணன் சொல்லிவிட்டார்.

"உன் பக்கத்தைத்தாம்மா பெரிய திரையில காட்டப்போறேன். குப்பத்துலேர்ந்து வந்த பொண்ணு, வந்தப்ப இப்படி எழுதினா, இப்ப எப்படி எழுதுறா பாருங்கன்னா அசந்துடுவாங்க. அம்மா கூடையோட நிக்கிற மாதிரி ஒரு போட்டோ கொண்டா. அன்றுல போட்டுடலாம்."

"எங்கம்மா இன்னிக்கும் மீன்தான் சார் விக்கிறாங்க."

"அது தெரியும்மா. நான் ஒரு குறியீடா சொல்றேன்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

குறியீடாம். அறையை விட்டு வெளியே வந்தவள் மரத்தடியில் நின்று இரண்டு தாள்களையும் எடுத்துப் பார்த்தாள். விஷயம் இரண்டிலும் ஒன்றுதான். கோவளத்திலிருந்து மீன் கூடையோடு பஸ் ஏறின அம்மாவை கேளம்பாக்கத்தில் கண்டக்டர் இறங்கச் சொன்ன கதை. முதல் வருடம் அதை அவள் நடந்தது நடந்தபடி எழுதினாள். 'கூடைய எறக்குன்றான் கண்டக்டரு. எங்கம்மா எறங்கல. மீனு நாறுதா ஒனக்கு? வூட்ல ஒம் பொண்டாட்டி இன்னா மல்லிப்பூவப் போட்டா கொழம்பு வெக்கிறா? அப்டின்னுச்சு. பஸ்ஸே சிரிச்சிது.' தாள் முழுக்க சிவப்பு மையில் வட்டம் வட்டமாகப் போட்டு, ஓரத்தில் 'கொச்சை! கொச்சை!' என்று எழுதியிருந்தார் சார். மூன்றாம் வருடம் அதையே திருத்தி எழுதிவரச் சொன்னார். எழுதினாள். 'கடலன்னையின் தவப்புதல்வியாம் என் தாய், கண்ணீர் பெருக, வாய் பேசாது கூடையைச் சுமந்து இறங்கினாள்.' அதற்குக் கீழே 'மிக நன்று' என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

சாயங்காலம் நேரே மார்க்கெட்டுக்குப் போனாள். விமானப்படைக்காரர்களின் குட்டி விமானம் ஒன்று தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போனது. அம்மா கங்கையம்மாள் கூடையில் கடைசியாகக் கிடந்த சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததுமே, "இன்னாடி, மூஞ்சி இந்த வீங்கு வீங்கிக் கீது?" என்றாள்.

"ஒன்ன பத்தி எழுதினதும்மா. ரெண்டு இருக்கு. கேளு."

முதல் தாளைப் படித்தாள். பாதியிலேயே கங்கையம்மாளின் கத்தி நின்றுவிட்டது.

"ஏய், இரு இரு. மல்லிப்பூவா சொன்னேன் நானு? சாமந்தின்னு இல்ல சொன்னேன்! ஆயுத பூஜைக்கு மறாநாளு அது. பஸ்ஸு மூஞ்சி முழுக்க சாமந்தி மால போட்டு வெச்சிருந்தான் பேமானி. அத்தப் பாத்துதான் வாயில வந்துச்சு. இன்னா எழுதற நீ? நடந்தது தெரியாம?" பக்கத்துக் கடைக்காரி பக்கம் திரும்பி, "நீ சொல்லு, சாமந்திதான?" என்று சாட்சிக்கு வேறு கூப்பிட்டாள். பிறகு அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தாள். "அவன் மூஞ்சியப் பாக்கணுமே அன்னிக்கு!"

அஞ்சலி இரண்டாவது தாளைப் படித்தாள். கங்கையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, கோயில் பிரசங்கம் கேட்பவளைப்போல மரியாதையாகத் தலையை ஆட்டினாள். முடிந்ததும் கத்தியை மறுபடி கையில் எடுத்தாள்.

"நல்லாத்தான் கீது. யாரும்மா அந்தப் பொம்பள? பாவம்" என்றாள்.

அஞ்சலிக்குச் சார் மேல் வந்த ஆத்திரம் இப்போது திரும்பி அவள் மேலேயே பாய்ந்தது. வாழ்க்கையில் ஒரு நாளும் எவன் முன்னாலும் வாய் மூடி நிற்காதவளை, மார்க்குக்காக அழவைத்துக் கூடையோடு இறக்கிவிட்டிருக்கிறாள். யார் சொன்னால் என்ன, எழுதின கை யாருடையது? பையைத் திறந்து நீலப் பேனாவை எடுத்தாள். சார் போட்ட சிவப்பு வட்டத்துக்குள்ளேயே 'மல்லிப்பூ'வை அடித்து, அதன் தலைமேல் 'சாமந்திப்பூ' என்று அழுத்தி எழுதினாள். பேனா முனை தாளைக் கிழிக்காதது ஆச்சரியம்தான்.

மறுநாள் சனிக்கிழமை. லேப்பில் ஃபஹீமா மட்டும் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் எல்லாருக்கும் பக்கம் வடிவமைத்துக் கொடுத்தவள் அவள்தான். அஞ்சலி முதல் வருடத் தாளை அவள் முன்னால் வைத்தாள்.

"இத மறுபடி ஸ்கேன் பண்ணு. இன்றுல போடு. இப்ப இன்றுல இருக்கிறத தூக்கி அன்றுல போடு."

ஃபஹீமா தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "லூசா நீ? இன்டர்னல் மார்க் அவர் கையில இருக்குடி. எம்.ஏ. சீட்டுக்கு அவர்தான் சிபாரிசு எழுதணும். அவர் மனசு வெக்கலன்னா நீ வீட்லதான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எங்கம்மாவ அன்றுல வெக்கிறாருடி! பழைய சாமான் மாதிரி!" கத்தின கத்தலில் வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஜெபராஜ் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஃபஹீமா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "எங்கத்தாவ என்னோட கட்டுரை முழுக்க 'தந்தையார்'னு மாத்த வெச்சாரு. நான் அதை வீட்ல காட்டவே இல்ல" என்றாள். ஸ்கேனரின் மூடியைத் திறந்தாள். "இங்க குடு."

திங்கட்கிழமை கருத்தரங்கக் கூடத்தில் ஜன்னலையெல்லாம் சாத்தி விளக்கை அணைத்தார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ராஜாராமன் சார் மொடமொடவென்று நின்றார். முன்வரிசையில் ஆய்வுக் குழுவின் தமிழ்ப் பேராசிரியை, கனத்த உடம்புக்காரி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்காவது வரிசையில் அஞ்சலியின் கையை ஃபஹீமா நசுக்கிக்கொண்டிருந்தாள்.

சார் விருந்தாளிகளைப் பார்த்தபடியே 'அன்று' பொத்தானை அமுக்கினார். முதுகுக்குப் பின்னால் சுவர் வெளிச்சமானது.

"இது அந்தப் பெண் முதலாண்டில் எழுதியது. எத்தனை பிழை, எவ்வளவு கொச்சை, நீங்களே பாருங்கள்."

பேராசிரியை பார்த்தாள். கண்ணாடியை ஏற்றி இறக்கி இன்னொரு தரம் பார்த்தாள்.

"பிழை எங்க சார்? கீழ 'மிக நன்று'ன்னு போட்டு நீங்க கையெழுத்தும் போட்டிருக்கீங்களே?"

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். சார் திரும்பினார். கடலன்னையும் தவப்புதல்வியும் அவருடைய கையெழுத்தும் சுவரளவுக்கு நின்றன. அவர் கண்கள் இருட்டில் அஞ்சலியைத் தேடிப் பிடித்தன. மூன்று வருடப் படிப்பும் அதற்கு மேலான படிப்பும் அந்தப் பார்வையிலேயே போய்விடும்போல இருந்தது. போகட்டும், போனால் போகட்டும் என்று அஞ்சலி பல்லைக் கடித்துக்கொண்டு, குனியாமல் அவரையே பார்த்தாள்.

"அடுத்ததையும் காட்டுங்களேன்" என்றாள் பேராசிரியை.

சாரின் விரல் மவுஸின் மேல் நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை. அமுக்கினார்.

தாள் சுவருக்குள் அடங்கவில்லை, வழிந்து அவர் மேலும் விழுந்தது. பேராசிரியை எழுந்து நின்று, உதடு அசையப் படிக்க ஆரம்பித்தாள். எதிரே புரொஜெக்டர் வெளிச்சம் கண்ணில் குத்த, எங்கே நகர்வதென்று தெரியாமல் சார் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க அவர் போட்ட சிவப்பு வட்டங்கள். நெஞ்சுக்கு நேரே, சட்டைப்பையின் மேல், நீல மையில் சாமந்திப்பூ.