புரட்டாத பக்கம்

பதினாலு வருஷமாக ஒரே பொய்யை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லிச் சம்பளம் வாங்கியவள் அவள். பொய் என்று தெரியாமல்தான் சொன்னாள். தெரியாமல் சொன்னால் மட்டும் பொய் மெய்யாகிவிடுமா என்ன?

துறைமுக அருங்காட்சியகத்தில் அவள் வழிகாட்டி. கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வானொலி. காலை பத்து மணிக்கு வாயைத் திறந்தால் மாலை ஐந்துக்குத்தான் மூடுவாள். பழைய சுங்கக் கட்டடத்தின் நாலு அறைகளைத்தான் அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். நங்கூர அறை, வரைபட அறை, கலங்கரை விளக்கின் கண்ணாடி இருக்கும் அறை என்று மூன்றையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு வருவாள். நாலாவது அறையின் நிலைப்படியைத் தாண்டியதும் குரல் தட்டையாகிவிடும். அது விபத்து அறை.

அங்கே சுவரில் ஒரு பலகை. அதில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும், ஒரு எழுத்து கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று மேலிடத்து உத்தரவு. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் பயணிகள் படகு துறைமுகத்துக்குள் நுழைந்தது. கப்பல் வந்துபோகும் வாய்க்காலில் தரைதட்டி நின்ற மண் பார்ஜின், அதாவது மண் ஏற்றிச் செல்லும் தட்டைப் படகின், மீது மோதியது. முப்பத்தொரு பேர் இறந்தார்கள். கடைசி வரிதான் அவள் தொண்டையில் முள்ளாகக் குத்தும் வரி. 'வாய்க்கால் மூடப்பட்டதை அறிவிக்கும் கறுப்புக் கூண்டு கொடிக்கோபுரத்தில் ஏற்றப்பட்டிருந்தும், பைலட் அதைக் கவனியாமல் படகை உள்ளே செலுத்தியதே விபத்துக்குக் காரணம்.'

வெளியிலிருந்து வரும் கப்பலையும் படகையும் துறைமுகத்துக்குள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பைலட்டின் வேலை. அந்தப் பைலட் அவளுடைய அப்பா. பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரியாது. "பாவி, கண்ணு எங்க போச்சாம் அவனுக்கு?" என்று யாராவது கேட்பார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்தப் பக்கமா வாங்க" என்பாள்.

அப்பா சாகிறவரைக்கும் ஒரே பேச்சுதான். "கம்பத்துல ஒண்ணுமே இல்லம்மா. மொட்டையா நின்னுச்சு." உரிமத்தைப் பிடுங்கினார்கள். ஐஸ் தொழிற்சாலையில் எடைபோடுகிற வேலைக்குப் போனார். அங்கேயும் அதையேதான் சொன்னார். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மறுபடியும் ஆரம்பித்தார். "விடுங்கப்பா, எத்தனை தடவை" என்று சொல்லிவிட்டு அவள் மருந்துக் கடைக்குப் போய்விட்டாள். பெற்ற மகளே நம்பவில்லை. அதை இப்போது நினைத்தாலும் அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அன்றைக்குக் கோபுரத்தில் கூண்டு ஏற்றும் பொறுப்பில் இருந்தவர் யார் தெரியுமா? அவளுடைய மாமனார். "மூணு இருபதுக்கே கூண்டு ஏத்திட்டேன்" என்று விசாரணையில் சத்தியம் பண்ணினார். படகு மோதியது மூன்று ஐம்பத்தைந்துக்கு. அதோடு விசாரணை முடிந்தது. பதினைந்து வருஷம் கழித்து, பைலட்டின் மகளை எந்த வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்க்காமல் இருந்தபோது, அதே மனிதர் தானாக வந்து தன் மகனுக்குப் பெண் கேட்டார். அப்பா ஒரு வாரம் பேசவே இல்லை. அப்புறம், மகள் வீட்டோடு இருந்துவிடுவாளே என்ற பயத்தில், சரி என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெருந்தன்மையை இருபத்தாறு வருஷமாக அவளிடம் சொல்லிச் சொல்லிக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தவள் நாத்தனார். கணவனுக்கு அக்கா. அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரும் அவளேதான். வீட்டில் படும் பாடு போதாதென்று அலுவலகத்திலும் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

அந்த வார வெள்ளிக்கிழமை நாலாவது அறையின் வாசலில் கருங்கல்லில் ஒரு கல்வெட்டைத் திறக்கப்போகிறார்கள் என்று முடிவானது. பலகை வாசகம் அப்படியே கல்லில். கல் செதுக்கி வந்து, துணி போர்த்தி, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் காப்பாட்சியர் அறைக்குப் போய் நின்றாள்.

"அண்ணி, ஒரே ஒரு வரி. அதை மட்டும் சிமெண்டு வச்சு மூடிடலாம். பலகைன்னா என்னிக்காவது கழட்டிடுவாங்க. கல்லு நாம செத்தப்புறமும் நிக்கும்."

நாத்தனார் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வரலாற்றை உன் வீட்டுச் சமாதானத்துக்காக மாத்தச் சொல்றியா?"

"எங்கப்பா கூண்டைப் பார்க்கலைன்னு..."

"உங்கப்பா பார்க்கலை. அதுதானே எழுதியிருக்கு?" இப்போதுதான் தலையைத் தூக்கினாள். "முப்பத்தொரு பேரைத் தண்ணிக்குள்ள அனுப்பினவர் வீட்டுலேருந்து பொண்ணு எடுத்தோம். இந்த வேலையும் நான் போட்டுக் கொடுத்தது. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு? வெள்ளிக்கிழமை விருந்தாளிங்க முன்னாடி நீதான் வாசிக்கணும். குரல் நல்லா எழும்பணும், ஆமா."

அவள் வெளியே வந்தாள். கதவை அறைந்து சாத்தினாள். அவ்வளவுதான் அவளால் அன்றைக்குச் செய்ய முடிந்தது.

புதன்கிழமை நாலாவது அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று கண்ணாடிப் பெட்டிகளை நகர்த்த ஏற்பாடு. நாத்தனார் துறைமுகத் தலைவரைப் பார்த்து அழைப்பிதழ் கொடுக்கப் போயிருந்தாள். போகிற அவசரத்தில் பெட்டிச் சாவிக்கொத்தை, பெட்டிகளை நகர்த்த வந்த தச்சரிடம் கொடுத்துவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் கையை விட்டுச் சாவி போனது அதுதான் முதல் தடவை.

நடுப்பெட்டியில் இருந்தது கொடிக்கோபுரத்துப் பதிவேடு. விபத்து நடந்த வருஷத்துப் புத்தகம். செத்துப்போன மாமனாரின் கையெழுத்து. விரித்து வைத்த புத்தகத்தில் ஒரே பக்கத்தின் மேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தால் மை வெளுத்துவிடும். அதனால் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஒரு தாளைப் புரட்டி வைக்க வேண்டும் என்பது எல்லா அருங்காட்சியகத்திலும் உள்ள வழக்கம். இங்கே அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறவள் நாத்தனார் மட்டும்தான். எங்கப்பா புத்தகம், வேற யாரும் தொடக் கூடாது என்பாள். அதைப் பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். வானொலியும் அப்படித்தான் நினைத்தாள்.

தச்சர் பெட்டியைத் திறந்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். "புத்தகத்தை நீங்களே எடுங்கக்கா. நான் தொட்டேன்னு தெரிஞ்சா அந்தம்மா என்னை அந்த நங்கூரத்துலயே கட்டித் தொங்கவிட்டுரும்."

அவள் சிரித்துக்கொண்டே எடுத்தாள். எடுத்தவள் சும்மா புரட்டினாள். ஜன்னல் வெளிச்சம் அந்தப் பெட்டிமேல்தான் நேராக விழும். அதனால் மூன்று மாசத்துக்கே தாள் பழுப்பேறி, மை மங்கி, சில வரிகளைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படிக்க வேண்டியிருந்தது. அடுத்த தாளும் அப்படியே. அதற்கடுத்ததும். எழுபது தாளுக்கு ஒரே நிறம்.

நடுவில் எதிரெதிராக இரண்டு பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. மை நேற்று எழுதினாற்போலக் கறுப்பாக இருந்தது.

அதற்கு முன்னால் மங்கல், பின்னால் மங்கல். நடுவில் இது மட்டும் ஒருநாள்கூட வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. யாரோ ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்து, இந்த இடத்தில் மட்டும் இரண்டாகச் சேர்த்துத் தள்ளியிருக்கிறார்கள். தேதியைப் பார்த்தாள். பிறகு படித்தாள்.

'மூன்று இருபது. மண் பார்ஜ் வாய்க்காலில் தட்டியது. கூண்டு ஏற்றும்படி ஆபீஸ் தகவல் மேசையில் கிடந்தது. நான் கீழே இருந்தேன். மூன்று ஐம்பத்தைந்து. படகு மோதியது. நாலு ஐந்து. கூண்டு ஏற்றினேன்.'

கோபுரத்துக்காரர்கள் அப்படித்தான். பதிவேட்டில் பொய் எழுத மாட்டார்கள். அடித்துத் திருத்தவும் மாட்டார்கள். அது அவர்களுக்குத் தொழில் தர்மம். வாயால் சொல்வதற்குத்தான் தர்மம் கிர்மம் எதுவும் கிடையாது போலிருக்கிறது. விசாரணையில் யாரும் புத்தகத்தைக் கொண்டா என்று கேட்கவில்லை. மனிதர் வாயால் சொன்னார், அப்பாவின் வாழ்க்கை முடிந்தது.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் தச்சர்.

"படிங்க" என்று நீட்டினாள். தச்சர் தொடாமல் எட்டி நின்று படித்தார். "அடக் கடவுளே" என்றார்.

நாத்தனார் திரும்பி வந்தபோது வானொலி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறை நடுவில் நின்றிருந்தாள்.

"குடு அதை."

"இந்தத் தாளு மட்டும் ஏன் அண்ணி வெள்ளையா இருக்கு?"

நாத்தனார் ஒரு கணம்தான் திகைத்தாள். "ரெண்டு தாளு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும்."

"ஒட்டலை. நான் பார்த்துட்டேன். படிச்சும் பார்த்துட்டேன்." புத்தகத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "என் வாயாலேயே எங்கப்பாவைக் கொலைகாரர்னு சொல்ல வச்சீங்களே! பதினாலு வருஷம்! உங்களுக்கு ராத்திரி தூக்கம் எப்படி வந்துச்சு?"

"கத்தாதே. இது வெளிய வந்தா யாரு பேரு கெடும்னு யோசிச்சியா? உன் புருஷன் யாரு பிள்ளை? உன் மக யாரு பேத்தி?"

"என் மக எங்கப்பாவுக்கும் பேத்திதான்."

நாத்தனார் புத்தகத்தைப் பிடுங்கினாள். அவள் விடவில்லை. இரண்டு பேரும் இழுத்ததில் அட்டையின் முதுகு கிழிந்தது. கிழியும் சத்தம் கேட்டதும் வானொலிதான் கையை விட்டாள். புத்தகம் கெட்டுப்போனால் அப்பாவும் சேர்ந்து போய்விடுவார் என்ற பயம். நாத்தனார் அதைத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "கிழிச்சது நீதான்னு எழுதினேன்னா நாளைக்கே உன் வேலை போயிடும். வெள்ளிக்கிழமை ஒழுங்கா வந்து வாசி" என்றாள்.

அன்று மாலை கணவன் இழுவைப் படகிலிருந்து வந்து, எண்ணெய் படிந்த கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். அங்கே இன்ஜின் பார்ப்பவன். அவள் குழாயடியிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அக்காவை இரண்டு வார்த்தை திட்டுவான் என்றுதான் எதிர்பார்த்தாள். அவன் கழுவுவதை நிறுத்தவே இல்லை.

"என்னங்க, உங்களுக்குக் கோவமே வரலையா?"

"எனக்குத் தெரியும்" என்றான்.

"எது தெரியும்?"

"பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடியே அப்பா எங்கிட்ட சொல்லிட்டாரு. 'அந்த வீட்டுக்கு நான் பாவம் பண்ணிட்டேன், நீ அந்தப் பொண்ணைக் கட்டிக்கிட்டா கொஞ்சம் தீரும்'னாரு. நான் உன்னை நல்லாத்தானே வச்சிருக்கேன்?"

இருபத்தாறு வருஷம். சாகிறவரைக்கும் பண்டிகைக்கும் நோய்க்கும் அப்பா இந்த வீட்டுக்கு வந்துபோனார். இதே முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மாப்பிள்ளை, கம்பத்துல ஒண்ணுமே இல்ல" என்று சொன்னார். இந்த மனிதன் டீயை நீட்டி, "குடிங்க மாமா, ஆறிடும்" என்றான். அது அவள் கண் முன்னால் நடந்தது. நல்ல மருமகன் என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்ட நாட்கள் அவை.

"நல்லாத்தான் வச்சிருந்தீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை. துறைமுகத் தலைவர், அதிகாரிகள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று நாற்பது பேர். கடலைப் பார்த்த ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. நாத்தனார் கரை போட்ட புடவையில் பளபளவென்று நின்றாள். கோபுரத்துக்காரரின் மகன் என்று கணவனுக்கு முன்வரிசையில் நாற்காலி. தச்சர் மட்டும் வாசலோரம் நின்றுகொண்டிருந்தார்.

துணியை விலக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது அவளை வாசிக்கச் சொன்னார்கள். அவள் முன்னால் வந்தாள். படகு, மழை, மண் பார்ஜ், முப்பத்தொரு பேர். எல்லாம் சொன்னாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இதுக்கப்புறம் கூண்டு ஏத்தினாங்களா இல்லையான்னு ஒரு வரி இருக்கு. நான் அன்னிக்கு ஒன்பது வயசுப் பொண்ணு, எனக்கு எதுவும் தெரியாது. ஆனா கூண்டு ஏத்தினவரோட மகன் இங்கதான் உக்காந்திருக்காரு." கணவனைக் கைகாட்டினாள். "அவங்கப்பா அவர்கிட்ட சொல்லியிருக்காரு. அவரையே கேளுங்க."

"வழிகாட்டி ஏதோ உளர்றாங்க, நீங்க துணியை எடுங்க சார்" என்று நாத்தனார் முன்னால் பாய்ந்தாள். துறைமுகத் தலைவர் துணியைத் தொடவில்லை. நாற்பது பேரும் முன்வரிசையைப் பார்த்தார்கள்.

கணவன் எழுந்தான். அக்காவைப் பார்த்தான். அக்கா தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை, பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கூண்டு ஏறலை" என்றான். "படகு மோதின பத்து நிமிஷம் கழிச்சுதான் ஏத்தினாரு. பைலட் மேல தப்பு இல்லை. புத்தகத்துல இருக்கு. அக்கா அலமாரியில இருக்கு."

அப்புறம் ஒரே கூச்சல். பத்திரிகைக்காரர்கள் நாத்தனாரைச் சூழ்ந்துகொண்டார்கள். தலைவர் சாவி கேட்டார். தச்சரைக் கூப்பிட்டு, கல்லைத் துணியோடு பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். நாலு பேர் பிடித்தும் அது நகர மறுத்தது. பக்கவாட்டில் கடப்பாரை போட்டு நெம்பினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு கணவன் அவளிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி, பாராட்டை எதிர்பார்க்கிற மாதிரி நின்றான்.

"சொல்லிட்டேன்ல? எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாப்பது பேர் முன்னாடி சொல்றதுக்கு இவ்வளவு தைரியம் இருந்திருக்கே உங்களுக்கு. எங்கப்பா இருந்தப்போ ஒரே ஒரு ஆளுகிட்டதான் சொல்ல வேண்டியிருந்துச்சு. உங்க முன்னாடியே உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தாரு."

அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான்.

"நீங்க போங்க" என்றாள். கீழே நங்கூர அறை வாசலில் அடுத்த குழு டிக்கெட்டோடு காத்துக்கொண்டிருந்தது. அவள் படியிறங்கிப் போனாள்.