செவ்வாய்க்கிழமை மூச்சு

“தலையக் கொஞ்சம் தூக்கிப் புடி சிந்து” என்றாள் ஜெனிதா.

சிந்து இரண்டு கையாலும் அக்காவின் தலையைத் தாங்கிப் பிடித்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டிய பிறகும் பிடரி சில்லென்றிருந்தது. ஜெனிதா சீப்பை நுனியிலிருந்து மேலே கொண்டுபோனாள். சிக்கு வந்தால் நிறுத்தி விரலால் பிரித்தாள். உயிரோடிருக்கும் கஸ்டமருக்குச் செய்வதுபோலவே செய்தாள், வலிக்காமல்.

மதுமதியின் தலையில் ஒரு கற்றை செம்பு நிறம், இன்னொரு கற்றை சாம்பல். புது கலர் வந்தால் சலூனில் முதலில் ஸ்டாஃப் தலையில்தான் போட்டுப் பார்ப்பார்கள். நகக்கண்ணில் சாயக்கறை அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை மஞ்சள் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

“எண்ணெ வச்சி வாரும்மா. பேய் மாரி பறக்குது பாரு” என்றாள் அத்தை.

அடையாறில் இருக்கிற அந்த சலூனில் மதுமதிக்கு ஒன்பது வருஷம். ஜெனிதாவுக்கு நாலு. ப்ளீச் பவுடர் கலக்குவதற்கென்று பின்னால் ஓர் அறை உண்டு. அதற்கு ஜன்னல் கிடையாது. டப்பாவைத் திறந்தால் வெள்ளையாக எழும்பும். கொரோனா முடிந்ததும் முதலில் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள். கஸ்டமர் பயப்படுகிறார்களாம்.

மூன்றாம் வருஷம் மதுமதிக்கு இருமல் வந்தது. ஐந்தாம் வருஷம் இழுப்பு. வேலையால் வந்த ஆஸ்துமா என்று நெஞ்சு டாக்டர் எழுதிக் கொடுத்தார். நஷ்டஈடு கேட்டு சிந்துதான் அக்காவைக் கையெழுத்துப் போட வைத்தாள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் படித்தவள் அவள் ஒருத்தி. படிக்க வைத்தது அந்த சலூன் சம்பளம்.

சாட்சி சொல்ல வருவியா என்று ஜெனிதாவிடம் கேட்டதற்கு அவள் வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு மட்டும் அனுப்பியிருந்தாள். சிந்து அதற்கப்புறம் அவளிடம் பேசவில்லை. இன்று ஆதம்பாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து நிற்பவளை என்ன சொல்ல முடியும்?

காலையில் வக்கீல் வைதேகி போன் செய்திருந்தார். “கேஸ் இதோட முடியாது சிந்து. இனிமே உங்க அம்மாதான் மனுதாரர். அவங்கதான் வந்து சொல்லணும். அவங்க வாயில என்ன வருதுன்றதுலதான் எல்லாம் இருக்கு. புரியுதா?”

புரிந்தது.

மெடிக்கல் போர்டில் டாக்டர், “சின்ன வயசுல இழுப்பு இருந்ததாம்மா?” என்று கேட்டபோது, அம்மா கெங்கம்மா சட்டென்று, “ஆமா சார், கைக்கொழந்தையிலேந்தே கீது” என்று சொல்லிவிட்டாள். ஒரு தடவை சளி பிடித்ததுதான். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ரொம்ப நாளாக இருக்கிறது என்றால்தான் நல்ல மருந்தாகக் கொடுப்பார்கள் என்பது அவள் அனுபவம். சலூன் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் கருவாடு வியாபாரம். தூசி, உப்பு, நாற்றம். அங்கிருந்து வந்த நோய் இது, எங்கள் கட்சிக்காரர் என்ன செய்வார் என்றார்.

மறுநாளே கெங்கம்மா கருவாட்டை நிறுத்தினாள். தட்டு, கூடை எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தாள். சுவரில் ஊறியிருக்கும் என்று சுண்ணாம்பு அடித்தாள். மதுமதிக்கு இழுப்பு அதிகமாகத்தான் ஆனது.

“செவ்வாக்கெழம அவளுக்கு லீவு. நாள் பூரா இங்கதான படுத்துக்கினு கீறா? அன்னிக்கி இழுப்பு வருதா? புதங்கெழம வேலைக்குப் போய்ட்டு வந்தா மட்டும் ஏம்மா வருது?” என்று சிந்து எத்தனையோ தடவை கேட்டிருந்தாள்.

“கோட்டு போட்ட மன்சன் பொய் சொல்லுவானாடி?” என்பாள் கெங்கம்மா.

பூ வைத்து முடித்து வெளியே பந்தலில் கிடத்தினார்கள். பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். கெங்கம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

“கருவாடு காயவச்சி உன்னக் கரையேத்தப் பாத்தேனே
காத்துல வெஷம் கலந்து கண்ணே உன்ன மாய்ச்சேனே…”

சிந்துவுக்குக் காது அடைத்தது. பந்தல் ஓரத்தில் சலூன் மேனேஜர் பாலகணேஷ் நின்றிருந்தார். கொண்டுவந்த ரோஜா மாலையைப் போட்டாகிவிட்டது. இப்போது கையில் போன் இருந்தது. கேமரா அம்மாவைப் பார்த்திருந்தது.

சிந்து கூட்டத்துக்குள் புகுந்து கெங்கம்மாவின் காதருகே குனிந்தாள். “அம்மா, அதச் சொல்லாத. வேற சொல்லி அழு.”

“எட்டப் போடி. எம் புள்ளைக்கி நான் அழுவக் கூடாதா?”

“படம் எடுக்கறாங்கம்மா.”

“எடுக்கட்டும். ஊரே பாக்கட்டும், நான் செஞ்ச பாவத்த.”

“இன்னாடி இது? பெத்தவள அழுவக்கூட வுட மாட்டியா? படிச்சா இப்டித்தான் கல்லாய்டுவீங்களா?” என்று அத்தை அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

கெங்கம்மா மறுபடி எடுத்தாள்.

“நெத்திலி அள்ளுன கை நெஞ்ச அடச்சிடிச்சே
நீ சின்னதுல இழுத்தப்பயே நான் தெரிஞ்சிக்கலியே…”

சிந்து நேராகப் பாலகணேஷிடம் போனாள். “அத அழிங்க.”

“ஐயோ, தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். ஓனர் மேடம் வர முடியல. அவங்களுக்குக் காட்டத்தான்.”

“அழிங்க சார்.”

அவர் மறுக்கவில்லை. அவள் கண்ணெதிரிலேயே அழித்தார். அழித்தது போய்ச் சேரும் ஃபோல்டரையும் திறந்து, அங்கேயும் இல்லை என்று காட்டினார். அவர் முகத்தில் கொஞ்சமும் கோபமில்லை. அழிப்பதில் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விசாரணைக்குக் கூப்பிடுகிற நாளில் அம்மாவே வந்து சொல்லப்போகிறாள். அழுதுகொண்டே, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு சொல்வாள். இவருக்கு வீடியோ எதற்கு?

“அந்தத் தம்பிக்கி டீ குட்த்தியா சிந்து?” என்று கெங்கம்மாவின் கம்மிய குரல் கேட்டது. “பாவம், அவ்ளோ வேலைய வுட்டுட்டு வந்துகீது. நீ நல்லாருப்ப நைனா.”

சிந்து டீ எடுத்துவந்து கொடுத்தாள். பேப்பர் கப் கையில் நசுங்கி, சூடாக விரலில் வழிந்தது. அவர், “பாத்து, பாத்து” என்றார்.

எடுக்கிற நேரம் வந்தது. தெருவில் காய வைத்திருந்த கருவாட்டை, பாடை போக வழிவிட்டு வீட்டுக்கு வீடு ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் தூக்கினார்கள். மேளம் கடல் பக்கம் திரும்பி, பெரிய ரோட்டை நோக்கிப் போனது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள்.

பாலகணேஷ் கார் சாவியை எடுத்தபடி வந்தார். “ஜெனிதா, மூணு மணிக்கு அப்பாயின்மென்ட் இருக்கும்மா. என் வண்டியிலயே வந்துடு.”

ஜெனிதா தலையாட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவளுக்கு இருமல் வந்தது. துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு திரும்பி நின்றாள். இருமல் நிற்கவில்லை. தோள் இரண்டும் ஏறி இறங்கின. மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு சின்ன விசில் கேட்டது.

அந்தச் சத்தத்தை சிந்துவுக்குத் தெரியும். பாதி ராத்திரிகளில் பக்கத்துப் பாயிலிருந்து கேட்ட சத்தம்.

ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்திருந்த கெங்கம்மா தலையைத் தூக்கினாள். அவளுக்கும் தெரியும். எழுந்து வந்து ஜெனிதாவின் முதுகைத் தடவினாள். பிறகு அவள் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்தினாள்.

“தள்ளி நில்லும்மா. இங்க கருவாடு காயுது, ஒனக்கு ஒத்துக்காது.”

ஜெனிதா தள்ளிப் போய் பாலகணேஷின் கார் அருகில் நின்றாள். அவர் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அங்கேயும் இருமிக்கொண்டுதான் இருந்தாள்.