ஏழு நாள் எச்சில்

ஆகஸ்ட் முடிவதற்குள் லோகேஸ்வரி கிளினிக்கில் சீட்டு வாங்கிப் பதினேழு நாள் எம்சி விடுப்பு எடுத்திருந்தாள். மாதம் தவறாமல் காய்ச்சல், அது போனால் சளி, சளி போனால் வாய்ப்புண். எதுவும் இல்லாத நாட்களிலும் கைகால் ஈரத்துணி மாதிரி தொங்கும். ஷா ஆலம் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளில் குறை இருக்கிறதா என்று பார்த்துக் குறித்து வைப்பது அவள் வேலை. இப்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் செருகியது.

கணவன் திருச்செல்வம் கிள்ளான் துறைமுகத்தில் லோரிகளை அனுப்பும் பிரிவில் இருந்தான். கடையில் விற்கும் லேகியம் இரண்டு போத்தல் வாங்கிக் கொடுத்துப் பார்த்தான். பலனில்லை. கூட வேலை செய்பவர் ஒருவர் சொல்லி, ஒரு சனிக்கிழமை அவளைப் பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஆயுர்வேத மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

மருத்துவர் நித்யாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். நாடி பிடித்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"நல்ல பவரான லேகியமா குடுங்க டாக்டர்," என்றான் திருச்செல்வம். "அடிக்கடி படுத்துக்கறா. வீட்ல ஒரு வேலை நடக்க மாட்டேங்குது."

நித்யா லோகேஸ்வரி பக்கம் திரும்பினாள். "பசிக்குதா அக்கா?"

லோகேஸ்வரி யோசித்தாள். "தெரியலங்க."

"அடுப்பு அணைஞ்சு கிடக்கறப்ப விறகை அடுக்கிக்கிட்டே போனா புகைதான் வரும். லேகியம் பிறகு பார்க்கலாம். முதல்ல கிளினிக்ல ரத்தம் எடுத்துப் பாருங்க. இன்னொண்ணு, ஏழு நாளைக்கு நீங்க வாயில போடுறது எல்லாத்தையும் எழுதுங்க. எத்தனை மணிக்கு, சூடா ஆறினதா, எங்கேருந்து எடுத்தீங்க, எல்லாம்."

குறிப்பெழுதுவதில் லோகேஸ்வரிக்குப் பொய் வராது. பத்தொன்பது வருடம் மூடியில் கீறல் இருந்தால் கீறல் என்று எழுதிப் பழகிய கை. ஒரு வாரம் அப்படியே எழுதினாள். எழுதியதை ஒருமுறைகூடத் திரும்பப் படிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ரத்த அறிக்கையோடு போனார்கள். இரும்புச்சத்து மிகவும் குறைவு. கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். நித்யா அதைத் தொடரச் சொல்லிவிட்டு நோட்டை வாங்கி, எந்த அழுத்தமும் இல்லாமல் சத்தமாகப் படித்தாள்.

"ஞாயிறு, மதியம் மூணே கால். மகள் தின்னாத தோசை ஓரம், நாலு. திங்கள், ராத்திரி பத்து. வெள்ளிக்கிழமை வச்ச சாம்பார், மேலே ஆடை படிஞ்சது, சுட வைக்கலை. செவ்வாய், ராத்திரி பத்தரை. மீன் தலை, அவர் சப்பி வச்சது. புதன், கோழிக்கால். பாதி கடிச்சது. யார் கடிச்சதுன்னு தெரியலை."

தன் எழுத்தை வேறொருத்தி வாயிலிருந்து லோகேஸ்வரி அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். தட்டின் ஓரத்தில் அவன் துப்பி வைத்த முட்கள், அவற்றுக்கு நடுவே எச்சில் மினுங்கும் அந்த மீன் தலை, அதை நின்றபடியே எடுத்துச் சப்பிய தன் விரல்கள் எல்லாம் கண்முன் வந்தன. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திருச்செல்வம் சிரித்தான். "எங்க வீட்ல சாப்பாட்ட வீணாக்க மாட்டோம் டாக்டர். அவளுக்கு அதுதான் பிடிக்கும் லா."

"அப்படியா சார்? அக்கா சப்பிப் போட்ட தலையை நீங்க சாப்பிடுவீங்களா?"

"ச்சே!" என்றான் அவன். யோசிக்காமல் வந்தது. முகம்கூடக் கோணிப்போனது.

பிறகு அவன் சுவரைப் பார்த்தான். நித்யா நோட்டை மூடிவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் உப்பில் தொட்ட இஞ்சித் துண்டு, நேரத்துக்குச் சூடான சோறு, உட்கார்ந்து சாப்பிடுவது, பத்து மணிக்குள் தூக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். லோகேஸ்வரி தலையாட்டினாள். காதில் அந்த "ச்சே" மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பும் கொம்யூட்டர் ரயிலில் அவன் பக்கத்தில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. கிள்ளான் வரைக்கும் கதவோரம் நின்றே வந்தாள்.

அன்று சாயங்காலம் சோறு வடித்து, ரசம் வைத்து, மீன் பொரித்தாள். பெரிய துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து முதலில் சாப்பிட்டாள். குளித்துவிட்டு வந்த திருச்செல்வம் ஒரு கணம் நின்றான். பிறகு எதிரே உட்கார்ந்து தின்றான். முடித்ததும், பழக்கதோஷத்தில், முட்களும் பாதி மீனுமாகத் தட்டை அவள் பக்கம் தள்ளினான்.

லோகேஸ்வரி அதைத் திரும்ப அவன் முன்னாலேயே வைத்தாள். "தின்னு முடிங்க."

"வயிறு நிறைஞ்சிருச்சு."

"அப்ப குப்பையில போடுங்க. என் வயிறு குப்பைத்தொட்டி இல்ல."

அவன் கோபப்பட்டான். ஒரு டாக்டர் ரெண்டு வார்த்தை பேசினதும் தலைக்கு ஏறிவிட்டது என்றான். அவள் எழுந்து தன் தட்டை மட்டும் கழுவி வைத்தாள். அவன் தட்டில் மறுநாள் காலை எறும்பு மொய்த்தது. மூன்றாம் நாள் அவனே கழுவினான்.

நவம்பரில் ரத்தத்தில் இரும்புச்சத்து ஏறியிருந்தது. செப்டம்பருக்குப் பிறகு ஒரே ஒரு நாள்தான் எம்சி. நித்யா அப்போதுதான் லேகியம் கொடுத்தாள், அதுவும் நெல்லிக்காயளவு. பன்னிரண்டு மணி அடித்தால் லோகேஸ்வரிக்கு வயிறு கிள்ளியது. பசி இப்படித்தான் இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. திருச்செல்வமும் அளவாகப் போட்டுத் தின்னப் பழகிவிட்டான். ஆனாலும் அவன் மெல்லும் சத்தம் கேட்டால் அவள் அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடம்பு தேறத் தேற அந்த அருவருப்பும் சேர்ந்தே வளர்ந்தது. யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

டிசம்பர் விடுமுறையில் ஒரு மதியம். பதினாலு வயது மகள் மலர்விழி அப்பாவின் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். அதில் பாதி கடித்த கோழித்துண்டு ஒன்று கிடந்தது. போன் பார்த்தபடியே அதை எடுத்து வாயில் போட்டாள்.

"துப்பு!"

மலர்விழி திடுக்கிட்டாள். "ஏம்மா? நல்லாத்தானே இருக்கு. வீணாப் போகுதே."

"துப்புடி!" லோகேஸ்வரி மகளின் முகவாயைப் பிடித்துப் பாத்திரம் கழுவும் தொட்டி மேல் குனிய வைத்தாள். கூடத்திலிருந்து திருச்செல்வம் எட்டிப் பார்த்தான். மகள் துப்பினாள், தண்ணீர் விட்டு வாய் கொப்பளித்தாள், அழப் போகிற முகத்தோடு நிமிர்ந்தாள்.

லோகேஸ்வரி சட்டியைத் திறந்து, ஆவி பறக்கும் துண்டாகப் பார்த்து எடுத்து, வேறு தட்டில் போட்டு நீட்டினாள்.

"உக்காந்து தின்னு," என்றாள்.