கால்வாசிக் கடல்

சாம்பல் சட்டை மாட்டிய ஒரு காக்கை, சோற்றுருண்டைக்கு ஒரு முழம் தள்ளி, பாறை விளிம்பில் நிற்கிறது, கழுத்தைச் சாய்த்து உருண்டையைப் பார்க்கிறது, பிறகு எங்களைப் பார்க்கிறது, கல்யாண வீட்டில் யாரும் வாங்க என்று கூப்பிடாத விருந்தாளி மாதிரி நின்ற இடத்திலேயே நிற்கிறது, சம்பந்தி கைகூப்பியபடி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர் வேட்டி நனைந்து உள்ளே போட்டிருக்கும் கம்பளிக் கால்சட்டையோடு ஒட்டிக் கிடக்கிறது, உதடு நீலம் பாரித்துவிட்டது, அவருக்குப் பின்னால், காலையில் நாங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவந்த மணல்வெளியில், ஓரிடம் மட்டும் வெயிலில் பளபளக்கிறது, மணல் அப்படிப் பளபளக்காதே என்று நினைக்கிறேன், தண்ணீர்தான் அப்படிப் பளபளக்கும். சம்பந்தி, கிளம்புவமா என்கிறேன். கொஞ்சம் பொறுங்க, அவ இன்னும் சாப்பிடல என்கிறார். அவ என்றால் ஆவுடையம்மாள், அவர் மனைவி, என் மகள் உமையாளின் மாமியார், முந்தின வருஷம் ஐப்பசியில் போய்ச் சேர்ந்தவர், மகன் இருக்கும் இந்த அயர்லாந்தைப் பார்க்கவேண்டும் என்று கம்பளிச் சட்டையெல்லாம் வாங்கி மடித்து வைத்திருந்தவர், அதில் ஒன்றைத்தான் சம்பந்தி இப்போது மேல்கோட்டுக்குள் போட்டிருக்கிறார், ரோஸ் நிறம், கழுத்தருகே ஒரு விரற்கடை எட்டிப் பார்க்கிறது, நான் கண்டுகொள்ளவில்லை. ஆடி அமாவாசை, எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று, உருண்டை வைத்தாயிற்று, காக்கை தொடாமல் இங்கிருந்து நகர்வதில்லை, அவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. முதலில் வந்தவை வெள்ளைப் பறவைகள், தமிழில் இதுக்குக் கடற்காகம்னுதானே பேரு, காக்கா கணக்கில சேத்துக்கிட்டா என்ன என்று கேட்டேன், குறைந்த எடைக்கல்லைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார், துண்டை வீசி அவற்றை விரட்டினார். பிறகு இது வந்தது, பாதி கறுப்பு, பாதி சாம்பல். இது காக்காதானா சம்பந்தி என்றார். சந்தேகமே வேணாம், குளிர் ஊரு, ஸ்வெட்டர் போட்டிருக்கு, அவ்வளவுதான் என்றேன், அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, மாதிரிதான், அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

சிரிக்காத மனிதர், எடையளவுத் துறையில் இருந்தவர், திருநெல்வேலிச் சந்தையில் அவர் தலை தெரிந்தாலே தராசுகள் தானாக நேராகும் என்பார்கள், என்பார்கள் என்ன, நான்தான் சொல்வேன். நான் நில அளவைத் துறை, வேலை பார்த்த காலமெல்லாம் சங்கிலி பிடித்து அங்குலம் பிசகாமல் அளந்து அளந்து கை மரத்துப் போயிற்று, ஓய்வுபெற்ற அன்று மாலையைக் கழற்றி வைத்ததும் முடிவு செய்தேன், இனிமேல் தாராளமாக அளப்பது என்று, அன்றிலிருந்து நான் பிடித்த கெண்டையெல்லாம் ஆட்டுக்குட்டி கனம், எங்கள் தெரு வெள்ளத்தில் முதலை, ஆகா, அது ஒரு சுகம், அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். இந்த ஊருக்கு வந்த பிறகு கேட்கவா வேண்டும், ஞாயிறு தவறாமல் உமையாள் எங்களைக் காரில் ஏற்றி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போவாள், மோஹர் செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் நின்று புதுக்கோட்டையில் இருக்கும் தம்பியிடம் வீடியோவில் பேசினேன், ஒரு மைல் உயரம்டா, கீழே போற கப்பல் கட்டெறும்பு மாதிரி தெரியுது, மேகம் இடுப்புக்குக் கீழே என்று, உமையாள் எட்டி போனைப் பிடுங்கினாள், சித்தப்பா, அப்பா என்ன சொன்னாலும் நாலால வகுத்துக்கோங்க, மிச்சம் இருக்கிறதுதான் நிஜம் என்றாள். அன்று பிடித்தது வகுத்தல், மருமகன், என் வீட்டுக்காரி தெய்வானை, பேரன் வரைக்கும் எல்லோரும் வகுத்தார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை, அவர்கள் வகுப்பார்கள் என்பதற்காகவே நான் கூடுதலாகப் பெருக்கினேன். பிளார்னி கோட்டைக்குப் போனபோது, உச்சியில் ஒரு கல், மல்லாந்து படுத்துத் தலையை வெட்டவெளியில் தொங்கவிட்டு அதை முத்தமிட்டால் பேச்சுத்திறம் வருமாம், ஒருவன் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள நான் படுத்தேன், வானம் காலடியில் கிடந்தது, மரங்கள் தலைகீழாக என்னை நோக்கி வளர்ந்தன, அப்பா, உங்களுக்கு எதுக்கு அது, நீங்க முத்தம் கொடுத்தா கல்லுதான் பேச ஆரம்பிக்கும் என்று உமையாள் கத்துகிறாள், வரிசையில் பின்னால் நின்ற சம்பந்தி தன் முறை வந்ததும் ஒதுங்கிக்கொண்டார். ஊரு எச்சில் பட்ட கல்லு, நான் வாய வைக்க மாட்டேன் என்றார், வைக்காமலே இறங்கினார், கல்லின் குளிர்ச்சி இன்னும் என் உதட்டில் இருக்கிறது, இல்லை, இது வேறு குளிர்ச்சி, காற்று திரும்பியிருக்கிறது, கடல் பக்கமிருந்து அடிக்கிறது, பளபளப்பு இப்போது ஓரிடத்தில் இல்லை, ஒரு பெரிய வளைவாக இருக்கிறது.

சம்பந்தி, தண்ணி வருது. எவ்வளவு. கடலே எந்திரிச்சு வருது சம்பந்தி, பனைமர உயரத்துக்கு. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மனதுக்குள் வகுக்கிறார், எனக்குத் தெரிகிறது, இந்த மனிதருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது, காக்கை ஓர் அடி எடுத்து வைக்கிறது, நிற்கிறது, அவர் மூச்சை அடக்குகிறார். காலையில் இந்தக் கடலே இல்லை, சத்தியமாக இல்லை, கரையில் ஐஸ்கிரீம் வண்டியும் குடை பிடித்த கூட்டமுமாக இருந்தது, இத்தன பேரு வேடிக்கை பாக்க எள்ளுந்தண்ணியும் இறைக்கவா என்று சம்பந்தி முகம் சுளித்தார், எதிரே வெறும் மணல், அதற்கு அப்பால் பச்சையாக இந்தத் தீவு, கடல் உள்வாங்கும்போது நடந்து போய் நடந்து வந்துவிடலாம் என்று பலகையில் எழுதியிருந்தது, வழி தெரிய மணலில் வரிசையாகக் கம்பங்கள், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நாங்க டீக்கடையில இருக்கோம் என்றாள் உமையாள், தெய்வானைக்கு மூட்டுவலி. நாங்கள் நடந்தோம், வேட்டி பறக்க, ஒருவர் கையில் தூக்குவாளி, ஒருவர் கையில் எள்ளுப் பொட்டலம், பாதி வழியில் ஒரு டிராக்டர் எதிரே வந்தது, பின்னால் பெட்டியில் ஆடுகள், ஓட்டியவர் கொல்ம் என்று பெயர் சொன்னார், முகமெல்லாம் சிவப்பு, வண்டியை நிறுத்தி வானத்தைக் காட்டினார், கடலைக் காட்டினார், விரலை ஆட்டினார், இன்று அமாவாசை, தெரியுமா என்று கேட்டார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை, கடல் கடந்து வந்த ஊரில் ஆடு மேய்க்கிற மனிதருக்கு அமாவாசை தெரிகிறது, தெரியும் தெரியும், அதற்காகத்தான் வந்தோம் என்று ஆங்கிலத்தில் சொல்லி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், என் வேட்டியைப் பார்த்தார், சம்பந்தியின் நெற்றியில் திருநீற்றைப் பார்த்தார், சரி, இவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுசன் என்றார் சம்பந்தி. அமாவாசையன்று கடல் எவ்வளவு தூரம் உள்ளே போகுமோ அவ்வளவு வேகமாகத் திரும்பி வரும் என்பதைத்தான் அந்த நல்ல மனிதர் சொல்ல வந்தார் என்று, பாறையின் கீழ்ப்படியில் சம்பந்தி கழற்றி வைத்த துண்டு தானாக எழுந்து மிதக்கத் தொடங்கியபோது எனக்குப் புரிந்தது, அவரும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் துண்டை எடுக்கவில்லை, காக்கையைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார், ஆவுடை, நான் என்ன செய்யட்டும் என்று வாய்விட்டுக் கேட்டார், நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன், ரோஸ் நிறக் கம்பளி என் விரல்களில் மெத்தென்று சிக்கியது.

ஓடினோம் என்று சொல்லமுடியாது, பட்டினி கிடந்த சர்க்கரை நோய்க்காரரும் நானும் எங்கே ஓடுவது, மணல் காலை விடமாட்டேன் என்றது, சம்பந்தியின் முழங்கையில் மூடிய தூக்குவாளி ஆட, கம்பம் கம்பமாகப் பிடித்துக்கொண்டு போனோம், நடுவழியில் காலையில் தாண்டிய சிறு பள்ளம் இப்போது ஆறாக ஓடிக்கொண்டிருந்தது, பழுப்புத் தண்ணீர், சத்தமே இல்லை, சத்தம் போடாத தண்ணீரைக் கண்டால்தான் பயம், திரும்பினால் வந்த வழியிலும் ஓர் ஆறு, நாங்கள் நின்றது ஒரு மணல் மேடு, கல்யாணப் பந்தல் அகலம் இருந்தது, பார்க்கப் பார்க்கப் பாய் அகலம் ஆகிறது, பிறகு அதுவும் இல்லை. போனை எடுக்கிறேன், உமையாள், நடுக்கடல்ல மாட்டிக்கிட்டோம்மா, முழங்கால் அளவு தண்ணி, ஏறுது, யாரையாவது கூப்பிடு. அவள் சிரிக்கிறாள், முழங்காலா, அப்ப கட்டைவிரல் நனைஞ்சிருக்கும், நடந்து வாங்கப்பா. அவளுக்குப் பின்னால் தெய்வானை குரல், புளுகுறாரு, டீ ஆறுதுன்னு சொல்லு. இல்லடா, இது நெசம், வகுக்காதே, தயவு பண்ணி இத வகுக்காதே என்கிறேன், அதையும் வகுத்தாள், நீங்க இப்படிக் கெஞ்சுறது போன வாரம் கோட்டையில பேயப் பாத்தேன்னு சொன்னப்பகூட இருந்துச்சு என்றாள், ஆமாம், இருந்தது, அந்தக் குரலையும் நான் செலவழித்துவிட்டேன். முழங்காலை நம்பவைக்க நான் எதைச் சொல்ல வேண்டும், கழுத்து என்றால் முழங்கால் என்று எடுத்துக்கொள்வாளா, ஆனால் முழங்கால் என்றால் அவள் ஓடிவர மாட்டாளே, பனைமரம் என்று சொல்லட்டுமா, தண்ணீர் வேட்டிக்குள் புகுந்து தொடையைத் தொடுகிறது, எனக்கு வாழ்நாளில் முதல் தடவையாகக் கணக்கு வரவில்லை, சம்பந்தியின் கால்கள் ஆடுகின்றன, என் தோளைப் பிடித்தார், மறுகையால் போனை வாங்கினார். உமையாள், மாமா பேசுதேன் என்றார், சந்தையில் பேசும் குரல், தேங்காய் உடைப்பதுபோல். உங்க அப்பா சொல்லுதது பொய். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது, எனக்கு நெஞ்சும் நின்றது, சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார், கழுத்தளவு தண்ணி நிக்கி, அவர் கொறச்சுச் சொல்லுதாரு, நான் அவரத் தோளுல தூக்கி வச்சிருக்கேன், சீக்கிரம் ஆள அனுப்பும்மா. போனை அணைத்து என் சட்டைப்பையில் போட்டார், தண்ணீர் எங்கள் தொடையில் இருந்தது, நான் அவர் முகத்தையே பார்த்தேன், கல்லை முத்தமிடாத அந்த வாயை, ஒரு குன்றிமணி எடை கூட்டியோ குறைத்தோ பேசாத அந்த வாயை. என்னைத் தோளில் தூக்கிட்டீங்களா சம்பந்தி என்றேன். வாய மூடும்யா என்றார், முதல் தடவையாக என்னை அப்படிக் கூப்பிட்டார்.

தூரத்தில் கரையில் கூட்டம் கலைவது தெரிகிறது, உமையாளின் சிவப்புத் துப்பட்டா ஓடுகிறது, தெய்வானை மூட்டுவலியை மறந்து பின்னால் ஓடுகிறாள், ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கூட இறங்கி நிற்கிறார், ஆனால் தண்ணீரும் ஓடிவருகிறது, இடுப்புக்கு வந்து சம்பந்தியை ஒருமுறை தள்ளிப் பார்த்தது, நான் கம்பத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு மறுகையால் அவர் கோட்டைப் பிடித்தேன், தையல் விட்டது, கம்பளி விடவில்லை, அதைச் சுருட்டி முறுக்கிப் பிடித்தேன், ஆவுடையம்மா, கொஞ்சம் பிடிச்சுக்கோங்க என்று யாரோ சொன்னார்கள், நானாகத்தான் இருக்கும். அப்புறம் அந்தச் சத்தம், தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு கொல்மின் டிராக்டர் வருகிறது, பெரிய சக்கரம் பாதி மூழ்கி, ஆட்டுப் பெட்டியோடு, அவர் ஒவ்வொருவராக எங்களைக் கோழியைத் தூக்குவதுபோல் அள்ளி உள்ளே போட்டார், ஆட்டுப் புழுக்கையும் வைக்கோலும், அப்படி ஒரு வாசனையை நான் சந்தனத்தில்கூட முகர்ந்ததில்லை. அமாவாசை என்று சொன்னேனே என்றார் கொல்ம், அதற்காகத்தான் வந்தோம் என்றேன், பல் தந்தியடித்தது, அவர் தலையில் அடித்துக்கொண்டார், அந்தப் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு போல.

வண்டி திரும்பும்போது சம்பந்தி தீவைப் பார்க்கவில்லை, காலிடுக்கில் தலையைப் புதைத்து உட்கார்ந்திருந்தார், அந்தப் பாறை இப்போது தண்ணீரில் ஒரு தட்டு அகலம்தான் தெரிந்தது. சாப்பிட்டுச்சா என்று கேட்டார், தலையைத் தூக்காமல். நான் பார்த்தேன், சாம்பல் சட்டை மாட்டிய அந்தக் காக்கை அங்கேயேதான் நின்றது, கழுத்தைச் சாய்த்துக் கடலைப் பார்த்தது, பிறகு யாரும் கூப்பிடாமலே உருண்டைமேல் ஏறி நின்றது, ஓர் அலை வந்தது, காக்கை எழும்பியது, அலகில் வெள்ளையாக ஏதோ இருந்தது, நுரையா, சோறா, கண்ணில் உப்பு, சாப்பிட்டுச்சு சம்பந்தி என்றேன், ஒரு பருக்கை விடாம, வயிறு நிறைய, ஏப்பம் விட்டது இங்க கேக்குது. டிராக்டர் கரையேறி மணலில் நிற்கிறது, உமையாள் அழுதுகொண்டே ஓடிவருகிறாள், அவர் கோட்டை இழுத்து ரோஸ் நிறத்தை மறைத்துக்கொள்கிறார், தூக்குவாளியின் அடியில் ஒட்டியிருந்த சோற்றை வழித்து முதல் வாய் போட்டுக்கொள்கிறார், கால்வாசி தின்னிருந்தாலும் போதும் என்கிறார்.